ஊசி நோகுமா, டொக்டர்?

திருகோணமலையில் பல் வைத்தியராகப் பணியாற்றிய இத்தனை ஆண்டுகளில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். போன மாதம் கேட்டவர் முப்பது வயதைத் தாண்டாத ஓர் இளைஞர். கீழ்த்தாடையின் கடைசிக் கொடுப்புப் பல் சொத்தையாகி, மூன்று வாரங்களைப் பனடோலிலும் கராம்பிலும் ஓட்டிவிட்டு, கன்னம் வீங்கிய பிறகே வந்திருந்தார். மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, நாற்பது நிமிடம் காக்க வைத்துவிட்டீர்கள், விளக்கு கண்ணைக் குத்துகிறது என்ற மூன்று முறைப்பாடுகளையும் வரிசையாக வைத்துவிட்டுத்தான் ஊசிக்கு வந்தார். நோகும், நுளம்புக் கடியைவிடச் சற்று அதிகமாக, என்றேன். அவருடைய முகம் வெளிறியதைக் கண்டதும், வழக்கம்போல் எனக்குப் பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர் நினைவுக்கு வந்தார்.

வெர்சாய் அரண்மனையின் அதிபதியான அந்த மன்னருக்கு 1685இல் மேல்தாடைப் பற்களைப் பிடுங்கினார்கள். நாட்டிலேயே சிறந்த கைகள் என்று கருதப்பட்டவை பற்களோடு சேர்த்து அண்ணத்தின் ஒரு பகுதியையும் பெயர்த்தெடுத்துவிட்டன. அதன் பிறகு மன்னர் எதைக் குடித்தாலும் அது மூக்கு வழியாக வெளியே வந்தது. அந்த ஓட்டையை மூடுவதற்கு அவர்களுக்குத் தெரிந்த வழி, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவது. அதையும் ஒருமுறையோடு நிறுத்தவில்லை. ஐரோப்பாவின் மிகப் பெரும் அரசனுக்குக் கிடைக்காத விறைப்பு ஊசி, இன்று நம் அரசாங்க வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவில் காலையில் வரிசையில் நிற்கும் எவருக்கும் காசில்லாமல் கிடைக்கிறது. வரிசை நீளம் என்பதை நான் மறுக்கவில்லை.

துணைக்கு வருபவர்களைப் பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசி 1578இல் பல்வலியால் பல இரவுகள் தூங்காமல் தவித்தும், பிடுங்குவதற்கு அஞ்சி மறுத்தபோது, லண்டன் ஆயர் தம்முடைய பல் ஒன்றை அரசியின் கண்முன்னே பிடுங்கச் செய்து, தாங்கக்கூடிய வலிதான் என்று காட்டினாராம். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, ‘ஒன்றுமில்லை, பயப்படாதே’ என்று தைரியம் சொல்லும் கணவன்மாரை நான் நிறையக் கண்டிருக்கிறேன். ஆயரின் வழியைப் பின்பற்ற இதுவரை ஒருவரும் முன்வரவில்லை.

இதெல்லாம் கடல்கடந்த கதை என்று தள்ளிவிடவும் முடியாது. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் மான்கள் மேயும் பிரெடரிக் கோட்டையைக் கடந்துதான் ஏறுகிறார்கள். நம் துறைமுகத்துக்காக ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதிய காலத்தில், போர்க்கப்பல் சத்திரவைத்தியரின் பெட்டிக்குள் கால் அறுக்கும் வாளோடு பல் பிடுங்கும் கருவியும் இருந்தது. அக்கால வழக்கத்திலிருந்த ஒரு கருவி பார்ப்பதற்குக் கதவுத் திறப்புப் போலவே இருக்கும். அதன் கொக்கியைப் பல்லில் மாட்டி, பூட்டைத் திறப்பதுபோல ஒரு திருகு திருகுவார்கள். பல் கழன்று வந்தால் அதிர்ஷ்டம். சில வேளைகளில் பல் உடைந்து வேர் உள்ளேயே நிற்கும், சில வேளைகளில் தாடையே முறியும். கடலில் மாதக்கணக்காக இருந்தவர்களுக்கு அந்தக் கருவியும் தேவைப்படவில்லை. உயிர்ச்சத்து சி இல்லாமல் முரசு வீங்கிக் கறுத்து, பற்கள் தாமாகவே கழன்று விழுந்தன. ஆங்கிலேயக் கடற்படை தன் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு வழங்க முடிவெடுத்தது 1795இல். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில்தான் அவர்கள் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பறித்தார்கள். கறிக்குத் தேசிக்காய் பிழியும் போதெல்லாம் எனக்கு அந்த ஆண்டு நினைவுக்கு வருவது தொழிலின் குற்றமாகத்தான் இருக்க வேண்டும்.

சொத்தைப் பல்லை நம்மவர்கள் இன்றும் பூச்சிப் பல் என்கிறார்கள். பல்லுக்குள் புழு இருக்கிறது என்ற நம்பிக்கை பாபிலோனியர் காலத்திலேயே இருந்தது. நம் ஊர்களில் கண்டங்கத்தரி விதையைத் தணலிலிட்டு அந்தப் புகையை வாய்க்குள் பிடித்தார்கள். ஐரோப்பாவில் அதே வேலைக்குக் குரோசாணி ஓமத்தின் விதை பயன்பட்டது. சூட்டில் வெடித்த விதையிலிருந்து வெளிவந்த வெண்மையான முளையைக் காட்டி, ‘இதோ புழு’ என்று சொன்னவருக்கு நல்ல வருமானமும் கிடைத்தது. உண்மையில் பல்லை அரிப்பது, நாம் தின்னும் சீனியைத் தின்று அமிலத்தை வெளியிடும் பக்றீரியாதான். அதைப் புகையால் விரட்ட முடியாது. இரவில் பல் துலக்கிவிட்டுப் படுத்தால் பெருமளவு அடக்கலாம்.

கட்டுப்பல் வெள்ளையாக இருக்கிறது, இயற்கையாகத் தெரியவில்லை என்று குறைப்படுகிறவர்களுக்கும் என்னிடம் ஒரு செய்தி உண்டு. முற்றிலும் இயற்கையான கட்டுப்பற்கள் ஒரு காலத்தில் விற்பனைக்கு இருந்தன. 1815இல் வாட்டர்லூ போர்க்களத்தில் கிடந்த இளம் வீரர்களின் பற்களைக் குறட்டால் பிடுங்கிச் சேகரித்து, யானைத் தந்தத்திலும் நீர்யானைத் தந்தத்திலும் பதித்துச் செல்வந்தர்களுக்கு விற்றார்கள். நிறம் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்.

வலியை நிறுத்தும் வழியைத் தேடியவர்களில் முன்னணியில் நின்றவர்கள் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களே. அமெரிக்கப் பல் வைத்தியர் ஹொரேஸ் வெல்ஸ் 1844இல் சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்துவிட்டுத் தம் பல்லையே பிடுங்கச் செய்து, வலிக்கவில்லை என்று கண்டுகொண்டார். மறு ஆண்டு பொஸ்டனில் அதைப் பிறருக்குச் செய்துகாட்டியபோது நோயாளி முனகிவிட்டார். கூடியிருந்தவர்கள் ஏமாற்று வேலை என்று கேலி செய்தார்கள். வெல்ஸ் மனமுடைந்து 1848இல் சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடன் முன்பு சேர்ந்து தொழில் செய்த வில்லியம் மோட்டன், 1846 ஒக்டோபர் 16ஆம் திகதி அதே பொஸ்டனில் மயக்கமூட்டும் ஈதரைக் கொண்டு வெற்றி பெற்றிருந்தார். நான் இன்று போடும் லிடோகேய்ன் என்ற விறைப்பு மருந்தைச் சுவீடன் நாட்டு வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரன் உருவாக்கியது 1943இல். ஆகவே இந்த ஊசியின் வயது, என் நாற்காலியில் உட்காரும் பல பாட்டிமாரின் வயதைவிடப் பெரிதாக அதிகமில்லை.

அந்தப் பாட்டிமாரிடம் எனக்குக் குறையில்லை. முகாமில் நூல் கட்டிப் பல் பிடுங்கியதையும், படகுக்குக் காத்திருந்த இரவில் வலி தலைக்கேறியதையும் சொல்லிவிட்டு, ‘பிள்ளை, நீ உன்ர வேலையைச் செய்’ என்று வாயைத் திறந்துவிடுவார்கள். ஆனால் வெற்றிலை போட்டுப் போட்டுச் சிலருக்கு அந்த வாயே திறப்பதில்லை. மூன்று விரல்களை அடுக்கி வாய்க்குள் வைக்க முடியாவிட்டாலோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு ஒன்று தெரிந்தாலோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலோ உடனே காட்ட வேண்டும். புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோயை உண்டாக்கும், குற்றவாளி பாக்கு.

இளைஞரின் வீக்கத்துக்கு வருகிறேன், ஏனெனில் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அதுதான். 17ஆம் நூற்றாண்டு லண்டனில் வாராவாரம் வெளியான இறப்புப் பட்டியல்களில் ‘பற்கள்’ என்பது இறப்பின் காரணங்களில் ஒன்றாகவே அச்சிடப்பட்டது. பல் முளைக்கும் பருவத்துக் குழந்தைகளின் மரணங்களும் அதில் அடங்கும் என்றாலும், பல்லிலிருந்து பரவும் சீழ் அன்று சாதாரணமாக ஆளைக் கொன்றது. கீழ்க்கொடுப்புப் பல்லின் தொற்று நாக்கின் அடிக்கு இறங்கினால், நாக்கு மேலெழும்பி மூச்சுப் பாதையை அடைத்துவிடும். லுட்விக் என்ற ஜெர்மன் வைத்தியர் 1836இல் விவரித்த இந்த நிலைக்கு உள்ளானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெனிசிலின் வருமுன் இறந்தார்கள். இன்றும், தாடைக்கடியில் வீக்கம் இறங்கி, எச்சில் விழுங்க முடியாமல், குரல் மாறி, காய்ச்சலும் அடித்தால் அது பல் வைத்தியரிடம் முன்பதிவு செய்து காத்திருக்கும் வியாதி அல்ல; அந்த நிமிடமே பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுப்பதும், குளிசையை முரசில் வைத்து முரசையே பொசுக்கிக்கொள்வதும் பதினான்காம் லூயியின் வைத்தியர்களோடு முடிந்திருக்க வேண்டிய வேலைகள்.

நல்ல வேளையாக இளைஞரின் வீக்கம் கன்னத்தோடு நின்றிருந்தது. ஊசி போட்டு, உதடு விறைக்கும்வரை பொறுத்து, பல்லை எடுத்து அவரிடம் காட்டியபோது, ‘முடிஞ்சுதா?’ என்று கேட்டார். எல்லாம் பத்து நிமிடம். கட்டணத்தைக் கேட்டதும் முகம் மீண்டும் வெளிறியது. பத்து நிமிட வேலைக்கு இவ்வளவா என்று தொடங்கியவருடைய வாயில் பஞ்சை வைத்து, நன்றாகக் கடித்துக்கொள்ளுங்கள், அரை மணி நேரம் பேசக்கூடாது என்றேன்.