கெஃபிர்: மணியில் உறைந்ததும் பாட்டிலில் வருவதும்

கெஃபிர் என்பது பாலைப் புளிக்கவைத்துச் செய்யும், தயிர் போன்ற ஒரு பானம். கடையில் வாங்கிய கெஃபிரை ஒரு கரண்டி எடுத்துப் பாலில் உறை ஊற்றினால் மறுநாள் கெஃபிர் போலவே ஒன்று கிடைக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி, அப்புறம் அதிலிருந்து இன்னொரு கரண்டி என்று தொடர்ந்தால் போகப்போக அந்தத் தனிச்சுவை தேய்ந்து வெறும் புளித்த பாலாகிவிடும். ஆனால் காக்கசஸ் மலைப்பகுதி மக்கள் கெஃபிர் மணிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பாலில் போட்டு எடுத்து வந்திருக்கிறார்கள், மணியும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. வித்தியாசம் அந்த மணியில்தான்.

மணி என்றதும் தானியம் என்று நினைக்க வேண்டாம், பாக்டீரியாவும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரியும் கூட்டுக் குடித்தனம் நடத்தும் சிறு கட்டி அது. வெளிர் மஞ்சளாக, காலிஃபிளவர் துண்டு மாதிரி, சில மில்லிமீட்டரிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் வரை இருக்கும். விரலால் அழுத்தினால் நசுங்காமல் எதிர்த்து நிற்கும், மேலே வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்புக்குக் காரணம் குளுக்கோஸும் காலக்டோஸும் கோத்த கெஃபிரான் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலி. அதை உண்டாக்குவது லாக்டோபேசில்லஸ் கெஃபிரனோஃபேசியன்ஸ் (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பால் உறைந்துவிடும்). வேடிக்கை என்னவென்றால், இந்த பாக்டீரியாவைத் தனியாகப் பாலில் விட்டால் சரியாக வளராது. கூட இருப்பவை பால் புரதத்தை உடைத்து அமினோ அமிலங்களை வெளியே விட்டால்தான் இதற்குச் சாப்பாடு. பதிலுக்கு எல்லோரும் ஒட்டிக்கொள்ள இது இடம் செய்து தருகிறது. ஈஸ்ட்களிலும் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸை நேராகத் தின்னத் தெரியாது, பாக்டீரியா மிச்சம் வைப்பதைக் கொண்டுதான் பிழைக்கின்றன. இத்தனை கொடுக்கல் வாங்கலையும் நுண்ணுயிரிகளைத் தனித்தனியாக வாங்கிக் கலந்து உண்டாக்குவது லேசில்லை. மணி வேண்டுமென்றால் மணியிலிருந்துதான் வர வேண்டும்.

20 முதல் 25 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டினால் கெஃபிர் தயார். லாக்டிக் அமிலம், கார்பன் டை ஆக்ஸைடு, துளி ஆல்கஹால் எல்லாம் அதில் இருக்கும்.

தொழிற்சாலைக்குத் தலைவலியே அந்த வாயுதான். மூடிய பாட்டிலுக்குள் ஈஸ்ட் சும்மா இருக்காது, வாரக்கணக்கில் கடையில் இருந்தால் பாட்டில் உப்பிவிடும். அதனால் பல நிறுவனங்கள் தேர்ந்தெடுத்த சில நுண்ணுயிரி வகைகளை மட்டும் உறைநிலையில் உலர்த்திய பொடியாக வாங்கிப் பயன்படுத்துகின்றன, அதில் ஈஸ்ட் குறைவு அல்லது சுத்தமாக இருக்காது. ஒவ்வொரு முறையும் ஒரே சுவை வரும், நுரை வராது. மணிகளை ஊறவைத்து வடித்த நீர்மத்தையே பெரிய தொட்டிக்கு உறையாக ஊற்றும் ஆலைகளும் உண்டு, என் கணக்கில் அது நியாயமான நடுவழி.

கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம், கெஃபிர் என்றால் உறை மணியிலிருந்து வந்திருக்க வேண்டும், ஒரு கிராமில் குறைந்தது 10,000 ஈஸ்ட் இருக்க வேண்டும் என்கிறது. கடையில் கிடைக்கும் பல பாட்டில்கள் இதில் தேறாது. அவை கெடுதலான பானங்கள் என்று சொல்ல வரவில்லை, உயிருள்ள லாக்டிக் பாக்டீரியா அவற்றிலும் இருக்கலாம். ஆல்கஹாலை அறவே தவிர்ப்பவர்களுக்கு ஈஸ்ட் இல்லாததே வசதி. வாங்கும்போது லேபிளில் நுண்ணுயிரிகளின் பட்டியலைத் தேடி ஈஸ்ட் இருக்கிறதா என்று பாருங்கள், அப்படியே சர்க்கரை எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்றும் பார்த்துவிடுங்கள்.