ஒடிந்த ஸ்டட்டை முறுக்காதீர்கள், சூடாக்குங்கள்

பழைய எஞ்சினில் சைலன்சரைப் பிடித்திருக்கும் ஸ்டட் (தலையில்லாத, மரை வெட்டிய கம்பி) ஒடிந்து உள்ளே மாட்டிக்கொண்டால் பலரும் முதலில் தேடுவது ஈசி அவுட் என்ற கருவியைத்தான். துண்டின் நடுவில் துளை போட்டு, இடது மரை வெட்டிய கூம்புக் கம்பியை இறக்கித் திருகினால் துண்டும் சேர்ந்து சுழன்று வரவேண்டும். யாரோ அளவுக்கு மீறி முறுக்கி ஒடித்த போல்ட் என்றால் வரும். துருவேறி இறுகி ஒடிந்தது என்றால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஏனென்றால் ஒரு கம்பி தாங்கும் முறுக்கு அதன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. 8 மி.மீ. ஸ்டட்டே தாங்காமல் முறிந்த இடத்தில், அதன் துளைக்குள் இறங்கும் 4 மி.மீ. கம்பி, அதே உலோகம் என்றால், எட்டில் ஒரு பங்கைத்தான் தாங்கும். ஈசி அவுட் கடினமாக்கிய எஃகு, அதனால் கூடுதலாகத் தாங்கும், சரி, ஆனால் வளைந்து கொடுக்காமல் படக்கென்று உடையும். போதாததற்கு அந்தக் கூம்பு துண்டை உள்ளிருந்து விரித்து இன்னும் இறுக்குகிறது. அது உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் ஏறவே ஏறாது. 1943இல் சோவியத் நாட்டில் லசரென்கோ தம்பதியர் உருவாக்கிய, மின் தீப்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் முறை இருக்கும் பட்டறையைத் தேடிப் போகவேண்டியதுதான்.

இறுக்கிப் பிடித்திருப்பது துரு. இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும், மரைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியெல்லாம் அடைபட்டுவிடும். அந்தப் பிடியை உடைக்கச் சூடுதான் நல்ல வழி. ஒடிந்த முனைமேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளைக்குள்ளேயே வெல்டிங் வைத்து இரண்டையும் ஒட்டவைப்பார்கள். ஸ்டட் செக்கச்சிவக்கக் காய்ந்து விரியப் பார்க்கும், சுற்றியிருக்கும் குளிர்ந்த ஹெட் (ஸ்டட் பதிந்திருக்கும், சிலிண்டரின் மூடிப் பகுதி) விடாது, இளகிய எஃகு அந்த நெருக்கலில் நசுங்கிப்போகும். அப்புறம் ஆறும்போது முன்பிருந்ததைவிடச் சற்று ஒல்லியாகச் சுருங்கும், துருவும் விரிசல் விடும். கொஞ்சம் ஆறவிட்டு, இளக்க எண்ணெய் விட்டு, ஸ்பேனரால் முன்னும் பின்னுமாக அசைத்தால் கீச்சென்ற சத்தத்தோடு நகரும். அலுமினிய ஹெட்டில் எஃகு வெல்டிங் ஒட்டாது என்பதால் மரைக்கும் பெரும்பாலும் சேதமில்லை.

எதுவுமே நகரவில்லையா, ஹெட் அலுமினியமா? படிகாரம் இருக்கிறது. படிகாரக் கரைசல் அமிலத்தன்மை கொண்டது; சூடாக வைத்திருந்தால் எஃகை மெல்ல மெல்லக் கரைக்கும், அலுமினியத்தை அதன் ஆக்சைடு படலம் பெருமளவு காப்பாற்றும். நாள்கணக்கில் ஆகலாம். ஆனால் இரும்பு லைனர் (உள் உறை) போட்ட சிலிண்டரை இதில் முக்கிவிடாதீர்கள், அதையும் சேர்த்துத் தின்றுவிடும்.