அசமன்பாடா, சமனிலியா?

தெரியாத எண்ணை ப என்று வைத்துக்கொள்வோம். ப² − 5ப + 6 < 0. அதாவது, ப எந்தெந்த எண்ணாக இருந்தால் இடப்பக்கம் சுழியைவிடச் சிறிதாகும்? தமிழ்நாட்டுப் பாடநூல் இதைப் பல்லுறுப்புக்கோவை அசமன்பாடு என்கிறது. இலங்கையில் படித்தவர் பல்லுறுப்பிச் சமனிலி என்பார்.

முதல் பாதியில் சண்டை இல்லை. பல உறுப்புகளைக் கோத்தது கோவை. இங்கே கோத்திருப்பது மூன்று. இலங்கை வழக்கு கோவையைக் கழற்றிவிட்டுச் சுருக்கிக்கொண்டது, அவ்வளவுதான். ஆங்கிலக்காரரின் 'பாலினாமியல்' கிரேக்கத்துப் 'பல'வையும் லத்தீன் 'பெய'ரையும் ஒட்டுப்போட்ட சொல். நம்முடையது அதைவிடத் தெளிவு.

தகராறு இரண்டாம் பாதியில். சைவத்துக்கு முன்னால் 'அ' போட்டு அசைவம் ஆக்கிய மாதிரி, சமன்பாட்டுக்கு முன்னால் அதே வடமொழி 'அ'வைப் போட்டது அசமன்பாடு. சமனிலி அப்படியில்லை, முடிவிலி போல 'இலி' சேர்ந்தது. சமன் தமிழில் பழைய சொல். 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்று தராசைக் காட்டுகிறது 118ஆம் குறள். அடுத்த அடியிலேயே 'கோடாமை', அதாவது ஒரு பக்கம் சாயாமை. சமன்பாடு அந்தச் சாயாத தராசு. நம் கணக்கோ தட்டு எப்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்கிறது. இந்தக் கேள்விக்குக் குறி கிடைக்கவே தாமதமானது. = குறி 1557இலேயே அச்சேறிவிட்டது; <, > இரண்டும் வந்தது 1631இல், ஆங்கிலேயக் கணிதர் தாமஸ் ஹாரியட் இறந்து 10 ஆண்டு கழித்து வெளியான அவருடைய நூலில்.

நான் சமனிலி கட்சி. காரணம் இலக்கணம் அல்ல, விடைத்தாள். அசமன்பாடு என்றதும் சமன்பாட்டின் பழக்கத்திலேயே கை ஓடுகிறது. (ப − 2)(ப − 3) < 0 என்று காரணிப்படுத்துவது வரை சரி, அப்புறம் 'ப < 2, ப < 3' என்று எழுதி மாணவர்கள் அடிக்கோடும் போட்டுவிடுகிறார்கள். ப = 1 என்று போட்டுப் பாருங்கள்: (−1)(−2) = 2. சுழியைவிடப் பெரிது!

2, 3 இரண்டும் விடை இல்லை, கோவை சுழியாகும் எல்லைக்கல். சுழியைத் தொடாமல் கோவை குறி மாறாது. எனவே கல்லுக்குக் கல் நடுவே ஒரே குறிதான். ஒரு துண்டுக்கு ஓர் எண் போட்டுப் பார்த்தால் போதும். 0 போட்டால் 6, 4 போட்டால் 2, 2.5 போட்டால் −0.25. ஆகவே 2 < ப < 3.

எல்லைக்கல்லைத் தாண்டினால் குறி மாறியே தீரும் என்றும் நம்பிவிட வேண்டாம். (ப − 2)²(ப − 5) < 0 என்பதில், 2க்கு இந்தப் பக்கமும் குறை எண், அந்தப் பக்கமும் குறை எண். விடை ப < 5. அதில் 2ஐ மட்டும் விட்டுவிட வேண்டும்.