4 ஜிபி எல்லையைச் சோதிக்க 4 ஜிபி கோப்பு தேவையா?

ஜிப் கோப்பு எழுதும் லைப்ரரி (மற்ற நிரல்கள் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) ஒன்றைப் பராமரிக்கும் வாசகர் கேட்கிறார்: "4 ஜிபி எல்லைக்கு யூனிட் டெஸ்ட் (நிரலின் ஒரு சிறு பகுதியைத் தனியே சோதிக்கும் நிரல்) எழுத வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவ்வளவு பெரிய கோப்பை உருவாக்கினால் டெஸ்ட் முடிய நேரம் பிடிக்கிறது, டிஸ்க்கும் நிறைகிறது. வேறு வழி உண்டா?" உண்டு. அழகான வழி.

முதலில் எல்லை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். ஃபில் காட்ஸ் 1989-இல் வெளியிட்ட ஜிப் வடிவத்தில் கோப்பின் அளவை எழுத 4 பைட் இடம்தான். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 4,29,49,67,295. பிறகு வந்த ஜிப்64 நீட்டிப்பு, அந்த 4 பைட்டையும் முழுக்க ஒன்றுகளால் நிரப்பிவிட்டு, உண்மையான அளவை வேறோர் இடத்தில் 8 பைட்டில் எழுதச் சொல்கிறது. முழுக்க ஒன்றுகள் என்றாலும் அதே 4,29,49,67,295தான். ஆகவே சரியாக அந்த அளவுள்ள கோப்பு 4 பைட்டில் அடங்கினாலும் அதை ஜிப்64 ஆகத்தான் எழுத வேண்டும். நிரலில் "பெரியது அல்லது சமம்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "பெரியது" என்று மட்டும் இருந்தால், பிழை இந்த ஒரே ஒரு அளவில்தான் தலைகாட்டும்.

பைத்தான் நிரல் மொழியின் ஜிப் டெஸ்ட்டில் எல்லையையே தாழ்த்திவிடுகிறார்கள். டெஸ்ட் ஓடும்போது மட்டும் எல்லையைக் குறிக்கும் மாறிலியை 1000 ஆக்கினால், சின்னக் கோப்பே ஜிப்64 பாதையில் போய்விடும். வேகமான வழிதான். ஆனால் எங்கோ ஒரு 32 பிட் மாறியில் பெரிய எண் வெட்டுப்படுவதை இது பிடிக்காது. அதற்கு உண்மையிலேயே பெரிய எண் வேண்டும்.

கோ (Go) நிரல் மொழியின் ஜிப் லைப்ரரியில் இருக்கும் டெஸ்ட்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் ஜிப் எழுதப்படுவது டிஸ்க்கில் அல்ல, நினைவகத்தில் உள்ள ஒரு விசேஷ இடையகத்தில் (பஃபர்). வரும் பைட்டுகளை அது அப்படியே வைத்துக்கொள்ளாது. எந்த இடத்தில் தொடங்கி, எந்த பைட், எத்தனை முறை என்று மட்டும் குறித்துக்கொள்ளும். டெஸ்ட் எழுதும் கோப்பில் கிட்டத்தட்ட எல்லாமே புள்ளி (.) எழுத்துதான்; 400 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளை எழுதினாலும் ஒரே பதிவுதான், அதன் எண்ணிக்கை மட்டும் ஏறும். தலைப்புப் பகுதிகளின் (கோப்பின் பெயர், அளவு போன்ற விவரங்கள்) கலவையான பைட்டுகளுக்குச் சில பதிவுகள் கூடும், அவ்வளவுதான். நடுவில் ஓர் இடத்தைப் படிக்கக் கேட்டால், அது எந்தப் பதிவுக்குள் விழுகிறது என்று இருமத் தேடலில் (பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் முறை) கண்டுபிடித்துக் கொடுக்கும். லைப்ரரிக்கு எதிரே இருப்பது உண்மையான 4 ஜிபி ஜிப்!

இதில் சுருக்காமல் வைப்பது அவசியம். ஜிப் வழக்கமாகப் பயன்படுத்தும் சுருக்க முறையான டிஃப்லேட் அதிகபட்சம் 1032 மடங்கு வரை சுருக்கும். 4 ஜிபி புள்ளிகள் சுமார் 4 எம்பி ஆகிவிட்டால், சுருங்கிய அளவுக்கான எல்லையைத் தொடவே மாட்டோம். சிஆர்சி (தரவு சிதையவில்லையா என்று சரிபார்க்க உதவும் எண்) கணக்கிடும் நேரத்தை மிச்சப்படுத்த, எப்போதும் பூஜ்யம் தரும் போலி ஒன்றைப் பொருத்துகிறார்கள். அப்புறம், 2-இன் 32-ஆம் அடுக்கு எண்ணிக்கையில் புள்ளிகளை எழுதிய பிறகு கடைசியில் 4 பைட் சேர்க்கிறார்கள். மொத்தம் 4,29,49,67,300. இந்த எண் 32 பிட்டில் வெட்டுப்பட்டால் மிஞ்சுவது வெறும் 4. பிழை இருந்தால் ஒளிந்துகொள்ள வழியே இல்லை. மேலே சொன்ன அந்த ஒற்றை அளவுக்கும் தனியாக ஒரு டெஸ்ட் இருக்கிறது.

இப்படி ஒரு டெஸ்ட் யோசிக்க நாட்கணக்கில் ஆகலாம், வெளியே காட்ட ஒரு புதிய வசதியும் இராது. நம் பல்கலைக்கழகங்களும் அரசும் புதிய செயலிகளுக்குக் கொடுக்கும் நிதியில் ஒரு பங்கைத் திறமூல லைப்ரரிகளின் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கோடிக்கணக்கானோரின் காப்புப் பிரதிகள் இவற்றை நம்பித்தான் இருக்கின்றன.

பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் (tar) கோப்புக்கும் இதே இடையகம் உதவும். அங்கே அளவு 11 எண்ம (8-ஐ அடியாகக் கொண்ட) இலக்கங்களில் இருப்பதால் எல்லை 8,58,99,34,591. ஆனால் ஜிப்பைப் போல அந்த எண்ணுக்கு வேறு அர்த்தம் எதுவும் இல்லை. அந்த அளவுள்ள கோப்பைச் சாதாரணத் தலைப்பிலேயே எழுதலாம். அடுத்த பைட்டிலிருந்துதான் நீட்டிப்பு வேண்டும். இரண்டு அளவுக்கும் தனித்தனி டெஸ்ட் எழுதுங்கள்.