கத்தரிக்காய்க்குக் குளிர் ஆகாது

காய்கறிப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி: "ஃப்ரிட்ஜில்தானே வைத்தேன், எப்படிக் கெட்டது?" சில காய்கள் ஃப்ரிட்ஜில் வைத்ததால்தான் கெடுகின்றன என்றால் எளிதில் நம்பமாட்டார்கள்.

பறித்த பிறகும் காய் சுவாசிக்கிறது. சேர்த்துவைத்த சர்க்கரையைச் செலவழிக்கிறது, நீரை இழக்கிறது. குளிர் அந்தச் சுவாசத்தைத் தணிப்பதால் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், கீரைக்கு நல்லது. கத்தரி, வெண்டை, வெள்ளரி அப்படியல்ல. அவை வெயில் நிலத்துப் பயிர்கள். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் திசுக்கள் சிதையும். ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் கிடந்த கத்தரிக்காயை எடுத்துப் பாருங்கள். தோலில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுந்திருக்கும். நறுக்கினால் விதைகள் பழுப்பு நிறத்தில் இருக்கும். கடைக்காரர் பழையதைத் தலையில் கட்டிவிட்டார் என்று அவரைத் திட்டவேண்டாம். இந்தக் காய்களை இரண்டு மூன்று நாள் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். கோடையில் வெளியே வைக்க முடியாவிட்டால், துணிப்பையில் போட்டு ஃப்ரிட்ஜில் குளிர் குறைந்த இடத்தில் வைத்து, விரைவில் சமைத்துவிடுங்கள்.

தக்காளி பழுக்கும்வரை வெளியே இருக்கட்டும். பழுத்த தக்காளியும் வாழைப்பழமும் காய்களைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவை வெளியிடும்; அதனால் பக்கத்தில் இருக்கும் கீரை மஞ்சளடிக்கும், கறிவேப்பிலை உதிரும். இவற்றை ஒரே பெட்டியில் அடைக்காதீர்கள்.

கொத்தமல்லிக் கட்டை வாங்கியவுடன் நாரை அவிழ்த்துவிடுங்கள். அழுகல் பெரும்பாலும் கட்டின் நடுவில், காற்றுப் படாமல் நசுங்கிய ஓர் இலையில்தான் தொடங்குகிறது. அதைப் பொறுக்கி எடுத்துவிட்டு, கழுவாமல், உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். துணி நனைந்தால் மாற்றவேண்டும்.

உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் தனித்தனியே, காற்றோட்டமாக வையுங்கள். உருளைக்கு இருட்டும் வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கில் சொலனைன் என்ற நச்சு கூடியிருக்கும்; வேகவைத்தாலும் அது போகாது.

2022-இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை. அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. உழவரின் தண்ணீரும் உழைப்பும் நம் சமையலறை வரை வந்து, அங்கே குப்பைக்குப் போவது எனக்குத் தாங்கவில்லை.

வாரச்சந்தையில் மொத்தமாக வாங்குபவர்கள் சமைக்கும் வரிசையை மாற்றினாலே வீணாவது குறையும். முதலில் கீரை, வெண்டை, கத்தரி. அடுத்து பீன்ஸ், அவரை. கடைசியில் கேரட், கோஸ். வெட்டாத பூசணியும் சேனையும் வெளியிலேயே வாரக்கணக்கில் இருக்கும். அவற்றுக்கு ஃப்ரிட்ஜில் இடம் தேவையில்லை.