அசையாமலே திசை திரும்பும் ஆன்டெனா

5ஜி வந்த பிறகு பல செல்போன் கோபுரங்களில் தட்டையாக ஒரு பெட்டி ஏறியிருக்கிறது. அதற்குள் சின்னச் சின்ன ஆன்டெனாக்கள் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கும். எதுவும் சுழலாது, சாயாது. ஆனாலும் பேருந்தில் போகிறவரின் போனை அதன் அலை விடாமல் தொடர்கிறது.

சூட்சுமம் நேர வித்தியாசத்தில் இருக்கிறது. 5ஜி பயன்படுத்தும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 8.6 செ.மீ. அதில் பாதி, அதாவது 4.3 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஆன்டெனாக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். போனின் அலை நேர் எதிரேயிருந்து வந்தால் இரண்டையும் ஒரே கணத்தில் தொடும். 30 டிகிரி சாய்வாக வந்தால், இரண்டாவதை எட்ட 2.15 செ.மீ. கூடுதலாகப் போக வேண்டும். ஒரு நொடியை 1,400 கோடி கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் இந்தத் தாமதம். ஆனால் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை ஒரு சுற்று என்று வைத்தால், அலையின் கணக்கில் அது கால் சுற்று, தாராளமாக அளந்துவிடலாம். கண்ணை மூடிக்கொண்டாலும் சத்தம் எந்தப் பக்கம் என்று இரண்டு காதுகளால் கண்டுபிடிக்கிறோமே, அந்த மாதிரி.

அனுப்பும்போது இதே கணக்கைத் திருப்பிப் போட வேண்டியதுதான். தள்ளியிருக்கும் ஆன்டெனா கால் சுற்று முந்திக்கொண்டால், இரண்டு அலைகளின் முகடுகளும் போனிடம் ஒன்றாகப் போய்ச் சேரும். மொத்த மின்திறனைக் கூட்டாமலே, 64 ஆன்டெனாக்கள் இப்படி ஒத்துப்போனால் போனுக்குக் கிடைப்பது கணக்குப்படி 64 மடங்கு. இன்னொரு போன் இருக்கும் இடத்தில் முகடும் பள்ளமும் மோதி அழியும்படியும் செய்யலாம். அப்போது ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், இரண்டு பேருக்கும் வேறு வேறு தரவு போகும். எனக்கு அலையைக் குவிப்பதைவிட இந்த அமைதியை உண்டாக்குவதுதான் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

சரி, ஊருக்குள் அலை நேராகவா வருகிறது? சுவரிலும் லாரியிலும் பட்டுச் சிதறிப் பல வழிகளில் வருகிறது. அதனால் கோபுரம் திசையைத் தேடிக்கொண்டிருப்பதில்லை. கோபுரத்துக்கு முன்பே தெரிந்த ஒரு சோதனைக் குறியைப் போன் அனுப்புகிறது. அது ஒவ்வொரு ஆன்டெனாவிலும் எவ்வளவு மாறி வந்தது என்று கோபுரம் பார்த்துக்கொள்கிறது. போக, வர ஒரே அலைவரிசை என்பதால் பாதையும் ஒன்றே. இப்படிப் பட்டுத் திரும்பும் எதிரொலிகளும் போனிடம் கைகோக்கும்படி தரவை அனுப்பிவிடுகிறது.

எதிரொலியைச் சுமையாகப் பார்த்த காலம் உண்டு. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில் இருந்தவர். 1971 போரில் ஐஎன்எஸ் குக்ரி என்ற போர்க்கப்பல் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட பிறகு, நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவிகளை மேம்படுத்தினார். நீருக்கடியில் பல ஒலிவாங்கிகள் கேட்டதைக் கூட்டிக் கழித்துத் திசை காண்பதும் இதே கணிதம்தான். அப்புறம் ஸ்டான்ஃபோர்டு போனவர், 1992இல் அங்கே பேராசிரியராக இருந்த தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தரவைப் பிரித்துப் பல ஆன்டெனாக்களில் ஒரே அலைவரிசையில் அனுப்பி, வந்து சேரும் பாதைகளின் வேறுபாட்டை வைத்தே மறுபடி பிரித்தெடுக்கும் அந்த யோசனைதான் மைமோ. இன்றைய வைஃபை, 4ஜி, 5ஜி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 2014இல் பால்ராஜுக்குத் தகவல்தொடர்புத் துறைக்கான மார்க்கோனி பரிசு கிடைத்தது.

இன்னும் பிடிகொடுக்காதது வேகம். 60 கி.மீ. வேகத்தில் போகும் பேருந்து அரை அலைநீளத்தைக் கடக்க 2.6 மில்லிநொடி போதும். அதற்குள் எதிரொலிகளின் கூட்டு மாறிவிடும், எடுத்த அளவு பழசாகிவிடும். அடிக்கடி அளக்கலாம்தான், ஆனால் ஒவ்வொரு சோதனைக் குறியும் தரவுக்கான நேரத்தைத் தின்கிறது.