மதுரை வெயிலும் ஆய்வகச் சுண்டெலியின் எடையும்

கொழுப்பு தின்ற எலிக்குச் சர்க்கரை நோய் வந்தது என்று செய்தி படித்தால், மதுரையில் ராத்திரி பரோட்டா சாப்பிட்டுப் பழகியவர்களுக்குத் திக்கென்றுதான் இருக்கும். அந்த எலி என்ன தின்றது, எந்த மாதிரி அறையில் இருந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் வளர்ப்பது சி57பிஎல்/6ஜே என்ற கறுப்புச் சுண்டெலி. 1988-இல் ரிச்சர்ட் சர்விட் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனியை இதற்கும் ஏ/ஜே என்ற வேறு வகைக்கும் கொடுத்தார்கள். கறுப்புச் சுண்டெலி பெருத்தது, ரத்தச் சர்க்கரை ஏறியது. ஏ/ஜே பெரிய பாதிப்பில்லாமல் தாக்குப்பிடித்தது. தீனி ஒன்றுதான், பரம்பரை வேறு.

இன்று பல ஆய்வகங்கள் வாங்கும் தீனியில் 60 சதவீதக் கலோரி கொழுப்பிலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பகுதி பன்றிக்கொழுப்பு. வேறு தீனியோடு மாறிப்போகாமல் இருக்க நீலச் சாயம் சேர்த்திருப்பார்கள். தொட்டால் விரலில் பிசுபிசுக்கும், நம் ஊர்ச் சூட்டில் விட்டால் சிக்கு வாடை அடித்துவிடும். மாச்சத்திலிருந்து வருவது வெறும் 20 சதவீதம். மைதா பரோட்டாவை இதோடு ஒப்பிடவே முடியாது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொழுப்புத் தீனி கொடுக்காமல் வளர்க்கும் எதிர்க்குழுவுக்கு என்ன தீனி என்பதும் முக்கியம். சாதாரணத் தானியத் தீனியைக் கொடுத்தால் நார்ச்சத்தும் சேர்ந்து மாறிவிடும், விளைவு கொழுப்பால் வந்ததா என்று சொல்ல முடியாது. அதே பொருள்களில் கொழுப்பை மட்டும் 10 சதவீதமாகக் குறைத்துச் செய்த தீனிதான் சரி. இதைக் கவனிக்காத ஆய்வுகளை நான் நம்புவதில்லை.

சில வாரங்கள் கழித்து, பட்டினி போட்டு, வயிற்றில் குளுக்கோஸ் ஊசி போடுவார்கள். பிறகு 15, 30, 60, 120 நிமிடங்களில் வால் நுனியிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுப்பார்கள். பெருத்த சுண்டெலியின் ரத்தத்தில் சர்க்கரை இறங்கவே நேரமாகும்.

அடுத்தது அறையின் குளிர். ஆய்வக அறை வழக்கமாக 22 டிகிரி. சுண்டெலிக்கு இதமான சூடு 30 டிகிரியை ஒட்டியது. அதனால் ஏசி அறையில் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே அது நிறைய ஆற்றலைச் செலவழிக்கிறது, அதை ஈடுகட்ட நிறையத் தின்கிறது. அறை சூடானால் தீனி குறையும். ஏசி சரியில்லாத அறையில் ஒரு கூட்டத்தைத் தை மாதத்திலும் இன்னொன்றைச் சித்திரையிலும் வளர்த்து ஒப்பிட்டால், எடை வித்தியாசத்தில் தீனியின் பங்கு எது, வெயிலின் பங்கு எது என்று பிரிக்க முடியாது. ஒரே சமயத்தில், ஒரே அறையில் இரு குழுக்களையும் வளர்த்து, தினமும் வெப்பநிலையைக் குறித்து வைப்பது அதற்காகத்தான்.